டிரம்பெட் பரசுவின் முன்பற்கள்

ஊதப் போகும் நாளில் பரசுராமன் மாமா பல் விளக்க மாட்டார். அது சோம்பேறித்தனம் இல்லை. வேறு எதிலும் இல்லாத கண்டிப்பு அவருக்கு இதில் இருந்தது. பேஸ்ட் பட்டால் உதடு வழுவழுப்பாகிவிடும், டிரம்பெட்டின் மவுத்பீஸ் நிற்காமல் நழுவும் என்பது எங்கள் பக்கத்து பேண்டு செட்டுக்காரர்களின் நம்பிக்கை. வெறும் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஜரிகை வைத்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊதாத நாட்களில் விளக்குவார். அப்போதும் கடைவாய்ப் பற்களை மட்டும்தான். முன்பற்களில் பிரஷ் படவே கூடாது.

"அது சோறு போடற பல்லு கண்ணு. அத்த தேச்சித் தேச்சி ஆட்டிவுட்டுட்டு அப்பால இன்னாத்த வச்சி ஊதறது?" என்பார்.

டிரம்பெட் உட்காருவது மேல்வரிசை முன்பற்களின் மேல்தான். வெளியே தெரிவது உதடு, உள்ளே தாங்குவது பல். அவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். தாங்குகிற இடத்தை அவர் தன் வாழ்நாளில் பாதியைக் கொடுத்துக் காப்பாற்றினார், அவருக்குத் தெரிந்த விதத்தில்.

மாமா என் அம்மா வடிவின் தம்பி. ஐயம்பேட்டைக்குச் சற்று முன்னால் மெயின்ரோட்டிலிருந்து பிரியும் காலனியில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். மாமா எட்டாவதோடு நின்று, சாயப்பட்டறையில் கொஞ்ச காலம், லாரியில் கொஞ்ச காலம் என்று அலைந்தார். பிறகு ஒரு சாவு ஊர்வலத்தில் கேட்ட டிரம்பெட் சத்தத்தின் பின்னால் போனவர், அப்படியே போய்விட்டார். ராணிப்பேட்டைப் பக்கம் சர்ச் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டு வந்து, தனசேகரன் அண்ணனின் செட்டில் சேர்ந்தார். கல்யாணம், சாவு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றிலும் அவர் சத்தம் இருந்தது. நாங்கள் காரணமில்லாமல் நடக்கத் தயங்கும் சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில்கூட, கல்யாண வண்டிக்கு முன்னால் மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறார்.

ஆனால் அவர் பெயர் எடுத்தது ஆடி மாதத்தில். அம்மன் ஊர்வலம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கற்பூரத்துக்கு நிற்கும். அப்போது அந்த வீட்டுக்காரர்கள் ஒரு பாட்டுக் கேட்பார்கள். பெரும்பாலும் அந்த வீட்டில் இறந்துபோனவருக்குப் பிடித்த பாட்டு. எங்கள் காலனியில் இதற்கு வாசல் பாட்டு என்று பெயர். அதை முழு செட்டும் வாசிக்காது. டிரம்ஸ்கூட அடங்கிவிடும். முதல் டிரம்பெட் மட்டும் தனியாக ஊதும். எந்த வீட்டுக்கு எந்தப் பாட்டு என்பது மாமாவுக்கு மனப்பாடம். கடைசித் தெருவில் இருக்கும் பெரியநாயகி அம்மாவின் வீட்டுக்காரர் குமரகுரு செத்து வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு ஆடியிலும் அவருக்குப் பிடித்த பாட்டை மாமா ஊதும்போது அந்த அம்மா கற்பூரத் தட்டோடு நின்று அழுவார்கள். முடிந்ததும் மாமாவின் கோட்டில் ஒரு நோட்டைக் குண்டூசியால் குத்திவிடுவார்கள். அது கூலி இல்லை, மரியாதை.

நான் கலையரசி. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். வேலை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் இப்போதைக்கு என் படிப்பு பயன்படுவது ஒரு விஷயத்துக்குத்தான். ஆஸ்பத்திரி, பேங்க், தாலுகா ஆபீஸ் என்று எங்கே யார் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

சென்ற வருடம் ஆனி மாதத்தில் செவிலிமேட்டு மண்டபம் ஒன்றில் ரிசப்ஷன். மாமா ஊதிக்கொண்டிருக்கும்போதே மேல்வரிசையில் ஒரு முன்பல் கழன்று விழுந்துவிட்டது. நாக்கால் அதைக் கன்னத்தின் ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு பாட்டை முடித்துவிட்டுத்தான் கர்சீப்பில் துப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கர்சீப்பை விரித்து அம்மாவிடம் காட்டினார்.

"யக்கா, இத்தப் பாரு. ஒரு சொட்டு ரத்தம் இல்ல, வலியும் இல்ல."

அம்மா எட்டிப் பார்த்தாள். "வாயத் தொற. ஐயே, ஷட்டர் ஒடிஞ்ச கடை மாதிரி இருக்குது. பொன்னி பாத்தாளா?"

பொன்னி மாமி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "நான் பாத்துட்டேன் அண்ணி. இனிமே பொய் சொன்னா காத்துதான் வரும்னு சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரிக்கும்போது நான் பார்த்தேன். மீதியிருந்த முன்பற்களும் ஈறைவிட்டு நீளமாக இறங்கியிருந்தன. ஈறு கருஞ்சிவப்பாக இருந்தது. ஊதுகிற நாட்களில் மவுத்பீஸில் ரத்தம் கசியும், துடைத்துக்கொள்வார் என்று மாமி பிறகு சொன்னாள். அவருக்கு அது தொழிலில் வருகிற ரத்தம். கை காய்த்துப்போவது மாதிரி.

மறுவாரம் சென்னை ரோட்டில் இருக்கும் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். என் வயதோ, கொஞ்சம் கூடவோ இருக்கும் ஒரு டாக்டரம்மா பார்த்தார். மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு அளந்தார். அது இறங்கிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். சர்க்கரையும் இருந்தது, அதுவும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஈறுக்குள்ள முழுக்கக் காரை படிஞ்சிருக்குங்க. பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு கரைஞ்சுபோச்சு" என்றார் டாக்டரம்மா.

"வலியே இல்லியேம்மா."

"இது வலிக்காமத்தாங்க வரும். வலிக்கிறப்போ ரொம்ப லேட்டாயிருக்கும். எப்பவாவது ரத்தம் வந்துச்சா?"

"வரும். அதனாலதான் அந்தப் பக்கம் பிரஷ்ஷே போடறதில்ல."

டாக்டரம்மா கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் உதட்டுக்கும் பேஸ்டுக்கும் உள்ள கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. "ரத்தம் வந்தா இன்னும் நல்லா விளக்கணும்ங்க. விட்டா உள்ள அழுக்கு சேந்துகிட்டே போகும்" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்ன வழி இதுதான். ஆடுகிற முன்பற்கள் மூன்றையும் எடுத்துவிட வேண்டும். மற்ற பற்களைச் சுத்தம் செய்து ஈறை ஆற விட வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பிறகு கழற்றி மாட்டுகிற பல் கட்டலாம். அப்படிச் செய்தால் பக்கத்துப் பற்களாவது நிற்கும்.

"கட்டிக்கினா ஊதலாமாம்மா?" என்று மாமா கேட்டார்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தார். "ஊதறவங்களுக்கு நான் கட்டினதில்லைங்க. அழுத்தினா பிளேட் நகரும். கொஞ்சம் கொஞ்சமா பழகிப் பாக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா முதல்ல ஈறு ஆறணும்."

"எப்ப ஆறும்?"

"மூணு மாசமாவது ஆகும்."

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். வாலாஜாபாத் தாண்டியதும், "ஆடி பூடும்" என்றார்.

"அடுத்த ஆடி இருக்குதே மாமா. டாக்டர் சொன்ன மாதிரியே பண்ணிடலாம்."

அவர் தலையாட்டினார். எங்கள் வீடுகளில் படித்த பிள்ளை சொன்னால் தலையாட்டுவார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து தனசேகரன் அண்ணன் வந்தார். செட்டின் முதலாளி. வண்டியிலிருந்து இறங்காமலே பேசுகிறவர்.

"இன்னாபா பரசு, பல்லு போச்சாமே? ஆடிக்கு பதினோரு எடம் ஒத்துக்கினு வந்துட்டேன். இன்னா சொல்ற?"

"வந்துருவேன்ணே."

"வர்றது பெரிசில்லபா. ஊதணுமே. யுவன்னு ஒரு பையன் வந்துருக்கான் செட்டுக்கு. போன்ல ஒருவாட்டி கேட்டா அப்படியே வாசிக்கறான். வாசல் பாட்டு அவனுக்கு குடுத்துறட்டா?"

மாமா உதட்டை மூடிக்கொண்டே, "வேணாம்ணே. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது அந்த வாரமே தெரிந்துவிட்டது. ஒரு மத்தியானம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார். வெள்ளை வெளேரென்று முழு வரிசை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒருவர் அன்றைக்கே பல் கட்டிக் கொடுக்கிறாராம். டாக்டர் போர்டு கிடையாது. பல் படம் மட்டும் வரைந்திருக்கும். ஏதோ பொடியையும் தண்ணீரையும் குழைத்து, விழுந்த இடத்தில் ஒரு பல்லைச் செய்து, ஆடிக்கொண்டிருந்த பற்களையும் பக்கத்துப் பற்களையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, ஈறு வரை ரோஸ் நிறத்தில் பூசி ஒட்டிவிட்டிருந்தார்.

பொன்னி மாமி வெட்கப்பட்டுப் போனாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்ளோ அழகா இல்ல" என்றாள். அம்மா இரண்டு விரலால் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெருவில் இரண்டு பேர் விலாசம் கேட்டு வந்தார்கள்.

"மாமா, ஆடற பல்லோட சேத்து ஒட்டி வச்சிருக்காங்க" என்றேன்.

"அதான் இப்போ ஆடலியே."

"உள்ள சீழ் வெச்சா வெளிய தெரியாது. பூசின எடத்துல பிரஷ்ஷே போகாது."

"பிரஷ்ஷு எப்ப போச்சி, இப்ப போறதுக்கு?" மாமி சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாமா என் தலையில் கைவைத்தார். "கண்ணு, நீ படிச்சவ. நல்லதுக்குத்தான் சொல்ற. எனக்குப் புரியுது. ஆனா ஆடிக்கு நான் வீட்ல குந்திக்கினு இருந்தா, அந்தப் பையன் வாசல் பாட்டு ஊதிருவான். ஒருவாட்டி ஊதிட்டான்னா அப்பறம் அது அவனுதுதான்."

அவர் சொன்னது உண்மை. நான் சொன்னதும் உண்மை. அவருடைய உண்மை அடுத்த வாரமே வந்து நிற்கும். என்னுடையது எப்போது வரும் என்று என்னால் தேதி சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் டிரம்பெட்டை எடுத்து ஊதிப் பார்த்தார். சத்தம் வந்தது. முன்பைவிடக் கொஞ்சம் கூர்மையாக, ஆனால் சுத்தமாக. காலனியே கைதட்டியது. எனக்கு என்மீதே சந்தேகம் வந்தது. அந்த டாக்டரம்மாவும் நானும் சேர்ந்து ஒரு மனிதரைத் தேவையில்லாமல் பயமுறுத்தினோமோ? புத்தகத்தில் இருப்பது எல்லார் வாயிலும் அப்படியே நடக்குமா? அடுத்த நாள் நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டரம்மாவைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். "உடனே கூட்டிக்கிட்டு வாங்க. அதை எடுத்தாகணும்" என்றார். கூட்டிக்கொண்டு வருவது எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை. நான் சும்மா திரும்பி வந்தேன்.

ஆடி முதல் ஞாயிறு நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. அதற்குப் பிறகு மாமா ஒரு பக்கமாகவே மெல்ல ஆரம்பித்தார். மாமி குழம்பில் காரத்தைக் குறைத்தாள். வாயிலிருந்து ஒரு வாடை வந்தது, பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது ஞாயிறுக்கு முன்னால் மேலுதடும் கன்னமும் வீங்கிவிட்டன. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு நம்ம தெரு. இது முடிஞ்சிரட்டும், நீ சொல்ற எடத்துக்கு வர்றேன்" என்று அவராகவே என்னிடம் சொன்னார். இந்தமுறை அது தலையாட்டல் இல்லை. ஆனால் நேரம் தவறிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

ஊர்வலம் வெயில் இறங்கும் நேரத்தில் கடைசித் தெருவுக்கு வந்தது. பெரியநாயகி அம்மா வாசலில் தண்ணீர் தெளித்து, தட்டோடு நின்றிருந்தார். டிரம்ஸ் அடங்கியது. மாமா ஒரு அடி முன்னால் வந்து டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். வைத்ததும் அவர் கண் சுருங்கியதை நான் பார்த்தேன். பாட்டின் முதல் அடி வந்தது. இரண்டாவது அடியில் மேலே ஏறுகிற இடம். மவுத்பீஸை அழுத்தினார். சத்தம் உடைந்தது. பிறகு வெறும் காற்று. சைக்கிள் டயரிலிருந்து இறங்குவது மாதிரி.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கையை வாயருகே கொண்டுபோனார். அந்த ரோஸ் நிறக் கட்டி அப்படியே அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதோடு அவருடைய சொந்தப் பற்களும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. ஆடிய பற்கள் மட்டும் இல்லை. பக்கத்தில் உறுதியாக இருந்ததில் ஒன்றும் சேர்ந்து வந்திருந்தது. நீலக் கோட்டின் முன்பக்கம் ரத்தமும் சீழும் ஒழுகின.

தனசேகரன் அண்ணன் கையசைத்தார். டிரம்ஸ் ஓங்கி அடித்தது. ஊர்வலம் நகர்ந்தது. பெரியநாயகி அம்மா பற்றவைத்த கற்பூரத்தோடு அப்படியே நின்றார், பாட்டு பாதியில் போனது ஏன் என்று புரியாமல்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. திட்டியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. சீழை வடித்தார். மறுபக்கம் தளர்ந்திருந்த ஒரு பல்லையும் எடுக்க வேண்டியிருந்தது. ஈறு ஆறச் சர்க்கரை விடவில்லை, மாதங்கள் இழுத்தன. தை பிறந்த பிறகுதான் பிளேட் கட்டினார்கள். கழற்றி மாட்டுகிற பல், ஆறு பற்கள். பார்க்க அழகாக இருந்தது. சோறு சாப்பிட முடிந்தது. பேச்சில் சகரம் கொஞ்சம் சறுக்கியது, பிறகு சரியானது.

மாமா இப்போது காலையிலும் படுக்கும் முன்பும் பல் விளக்குகிறார். மிருதுவான பிரஷ். மிச்சமிருக்கும் ஒவ்வொரு பல்லையும் சுற்றிச் சுற்றி, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு. பிளேட்டைக் கழற்றிக் கழுவி, தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு மூடி வைக்கிறார். மாதம் தவறாமல் சர்க்கரை பார்க்கிறார். டாக்டரம்மா சொன்னதில் ஒன்றைக்கூட விடுவதில்லை. அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருப்பதில்லை.

வீட்டுக்குப் பின்னால் நின்று ஊதிப் பழகினார். மவுத்பீஸ் அழுத்தினால் பிளேட் பின்னால் சாய்கிறது. ஓரத்தில் காற்று கசிகிறது. தாழ்ந்த சத்தம் ஒன்றிரண்டு வரும். மேலே ஏற முடியாது. பல் பொருத்துகிற பசை வாங்கி ஒட்டிப் பார்த்தார். பிளேட்டைக் கழற்றிவிட்டும் பார்த்தார், உதடு உள்ளே மடிந்துகொண்டது. முதலில், "பழகணும் கண்ணு, பழகிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பங்குனிக்குப் பிறகு அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். எலும்பில் திருகு போட்டுப் பொருத்துகிற பல் பற்றி நான் போனில் தேடித் தேடிப் படித்தேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். திருகு பிடிக்க அங்கே எலும்பு இல்லை.

இந்த ஆடி வந்தது. தனசேகரன் அண்ணன் மறுபடி வண்டியில் வந்தார். இந்தமுறை இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பரசு, இத்தனி ஆளு செட்டுன்னு சொல்லித்தான் பேசிக்கினு வந்துருக்கேன். வரிசையில ஆளு கொறைஞ்சா ஜனங்க கேக்கும். நீ கோட்ட மாட்டிக்கினு வந்து நில்லுபா. டிரம்பெட்ட வாயில வச்சிக்கினு நடந்தா போதும்."

மாமி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமா முந்திக்கொண்டு, "சரிண்ணே" என்றார்.

மூன்றாவது ஞாயிறு. நானும் கூட்டத்தோடு நடந்தேன். மாமா தன் பழைய இடத்திலேயே முன்வரிசையில் நடந்தார். நேர்பின்னால் யுவன். ஒல்லியான பையன், காதில் கடுக்கன். நன்றாகவே வாசித்தான், குறை சொல்ல முடியாது.

பெரியநாயகி அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. கற்பூரத்தை ஏற்றிவிட்டு, "பரசு, அவருக்கு ஊதுப்பா. போன வருசம் பாதியில வுட்டுட்ட" என்றார்.

டிரம்ஸ் அடங்கியது. மாமா ஒரு அடி முன்னால் வந்து டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். பின்னாலிருந்து யுவன் ஊதினான். மாமாவின் கன்னம் உப்பவில்லை. ஆனால் விரல்கள் ஓடின. ஒவ்வொரு அடிக்கும் எந்தப் பட்டனை அழுத்த வேண்டுமோ அதை அழுத்தின. மேலே ஏறுகிற இடத்தில் அவர் தோள்கூட ஏறி இறங்கியது. கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. பெரியநாயகி அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, தடவித் தடவி மாமாவின் கோட்டைப் பிடித்து, நோட்டைக் குண்டூசியால் குத்தினார். மாமா பின்னால் திரும்பி யுவனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாமா அந்த நோட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஊர்வலம் நகர்ந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "வடிவு பொண்ணுதானே நீ? உன் மாமன் இந்த வருசம் இன்னா மாதிரி ஊதனான் பாத்தியா? ஒரு எடம் பிசிரில்ல."

"ஆமாம்மா" என்றேன்.

அடுத்த வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். மாமா டிரம்பெட்டை மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றார்.